கைவிட்டவர்கள் என்று எழுதியவன்

1
இந்தக் கதை ஓர் அறிக்கையிலிருந்து வந்தது. அறிக்கையை எழுதியவனும் நான்தான். ஆகவே என்னை நம்புவதா என்று இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். நான் நன்னடத்தை உத்தியோகத்தன். குற்றம் சாட்டப்பட்ட பிள்ளையின் வீட்டைப் போய்ப் பார்த்து, பிள்ளையை அங்கே திருப்பி அனுப்பலாமா என்று நீதவானுக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை.

2
முதல் தொடக்கம்: "1967 ஆனி மாதத்தில், குருநகர்க் கடற்கரையில் அலைகள்..." வேண்டாம். அலை பார்க்க நான் போகவில்லை.

இரண்டாவது: மதலேன், வயது பன்னிரண்டு. கோப்பாயில் நாகேஸ்வரி என்பவர் வீட்டில் வேலைக்கு நின்றவள். ஒரு சோடித் தோட்டைக் காணவில்லை என்று அந்த அம்மா பொலிசுக்குப் போனார். (அவள் எடுத்தாளா என்றுதானே கேட்கிறீர்கள்? எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. எடுத்திருந்தாலும் வயது பன்னிரண்டுதான்.)

"தாய் தேப்பன் எங்கை?" என்று மதலேனிடம் கேட்டேன்.

"முல்லைத்தீவு வாடிக்குப்* போட்டினம், ஐயா. சோளகம் முடியத்தான் வருவினம்."

குருநகரில் அவர்கள் வீட்டுப் படலை கட்டியிருந்தது. பக்கத்து வீடுகளும் பூட்டிக் கிடந்தன. அதையும் கண்டேன். நான் கோப்பாய்க்காரன். எங்கள் பக்கத்தில் எவரும் தோட்டத்தையும் கிணற்றையும் நாலு மாதம் விட்டுப் போவதில்லை. சோளகக் காற்று வீசும் மாதங்களில் அந்தத் தெருவே கிழக்குக் கரைக்குத் தொழிலுக்குப் போகும் என்பதை ஒருவரிடமாவது கேட்டு அறிந்திருக்கலாம். கேட்கவில்லை. "பெற்றோர் பிள்ளையைக் கைவிட்டுச் சென்றுவிட்டனர்" என்று எழுதினேன்.

அதை வாசித்த நீதவானின் உத்தரவு: மூன்று வருடம், தெற்கிலுள்ள சீர்திருத்தப் பாடசாலை. அங்கே அவளோடு தமிழில் கதைக்க... (இந்த வசனத்தை முடிக்கக் கை வரவில்லை.)

* பருவத்துக்கு மட்டும் போடும் ஓலைக் குடில்கள். எனக்கே இன்று காலைதான் தெரியும்.

3
கதைக்கு ஒரு கெட்டவர் தேவை. நாகேஸ்வரியைக் கொடுமைக்காரி ஆக்கிப் பார்த்தேன், நீதவானை அவசரக்காரர் ஆக்கிப் பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை. அந்த வசனம் என் கையெழுத்தில் இருக்கிறது.

4
சோளகம் முடிந்து, இன்று காலை மதலேனின் தகப்பன் சிமியோன் வந்தார். வாடிக்கு யாரும் சேதி அனுப்பவில்லை. அனுப்பவேண்டியவனும் நான்தான்.

"ஐயா, நாங்கள் பிள்ளையை விட்டிட்டு ஓடேல்லை. வருசா வருசம் போறனாங்கள். கோயில் சுவாமியாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்."

"இப்ப ஓடர் போட்டாச்சு, சிமியோன்."

"பிழையா எழுதிப்போட்டன் எண்டு கோட்டு நீதவானுக்கு ஒரு கடிதம் குடுங்கோவன். என்ரை பிள்ளை வந்திடும்."

"இருங்கோ, பாப்பம்."

வெளியே கிடந்த மர வாங்கில் போய் இருந்தார்.

5
முடிவுகள்:

அ) கடிதம் எழுதுகிறேன். நத்தார்ப் பண்டிகைக்கு மதலேன் வீட்டில்.

ஆ) எழுதவில்லை. என் பதவி நிரந்தரமாகிறது.

இ) நாகேஸ்வரி வீட்டுக் கிணற்றடியில் தோடு கிடைக்கிறது. சீ! தோடு கிடைத்தால்தான் பிள்ளை வீட்டுக்கு வரலாமா? இதை எழுதிய என்னில் எனக்கே ஆத்திரம் வருகிறது.

கடிதத்துக்கு நாலு வரி போதும். பிழையை ஒப்புக்கொண்டால் வேலை போகும் என்ற பயத்தில், கந்தோர்த் தாளில் இவ்வளவு நேரமும் உங்களுக்குக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்களும் வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள். நாலேகாலுக்குக் கந்தோர் பூட்டிவிடுவார்கள்.

நான் குனிந்து எழுதுவதை யன்னலால் பார்த்துக்கொண்டிருந்த சிமியோன், இது அந்தக் கடிதம் என்றே நினைத்திருக்கிறார். எழும்பி வாசலுக்கு வருகிறார்.

"ஐயா, எழுதி முடிஞ்சுதே?"

நீங்கள் பதில் சொல்லுங்கள்.