நசுங்கிய தோடு

அந்தத் தங்கத் தோடுகள் இரண்டும் ஒரே மண்பானைக்குள் இருந்துதான் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தன. இரண்டாயிரம் வருடம் மண்ணுக்குள் சேர்ந்து கிடந்தவற்றை எங்கள் இயக்குநர் ஒரு வாய் காப்பி குடிப்பதற்குள் பிரித்துவிட்டார்.

"ஒண்ணு உருண்டையா இருக்கு, இன்னொண்ணு சப்பையா இருக்கு. இது ஜோடியே இல்லய்யா. ரெண்டு ஊர் மியூசியமும் கேட்டு உயிரை எடுக்குறாங்க. ஆளுக்கு ஒண்ணு அனுப்பிடலாம்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பழைய நகைகளைச் சுத்தம் செய்து பாதுகாப்பதுதான் என் வேலை, தீர்ப்புச் சொல்வதல்ல. ஆனாலும் மாதக்கணக்கில் பஞ்சும் மூங்கில் குச்சியுமாக அவற்றோடு குடும்பம் நடத்தியவன் நான். இரண்டின் உட்புறத்திலும் முனை உடைந்த ஒரே உளியின் கோடு இருப்பதைக் காட்டினேன்.

"ஒரே ஆசாரி பத்து ஜோடி செஞ்சிருப்பான். இது மட்டும் ஏன் சப்பையாச்சு? அதைச் சொல்லு. நாளைக்குப் பெட்டி கிளம்புது."

மண் அழுத்தியதால் என்று சமாளிக்கவும் வழியில்லை. நசுங்கிய தோட்டின் முகப்பு வழுவழுவென்று தேய்ந்திருந்தது. மண் அப்படித் தேய்க்காது.

மறுநாள் காலை பல் விளக்கக்கூட மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி கண்ணாடி முன் நின்று முணுமுணுத்தாள்.

"இந்த இடது தோடு மட்டும் எப்பப் பார்த்தாலும் நசுங்கிப்போகுது."

"ஏன் அது மட்டும்?"

"அந்தப் பக்கமாத்தானே திரும்பிப் படுக்குறேன். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் தெரியுதாக்கும்!"

துள்ளி எழுந்தேன். "ரெண்டையும் கழட்டு!"

"எதுக்கு, அடகு வைக்கவா?"

"மைக்ராஸ்கோப்புல வைக்க."

"காதை விட்டுட்டுப் போறீங்களே, அதுவே பெரிசு" என்று கழற்றிக் கொடுத்தாள்.

இயக்குநர் குனிந்து பார்த்தார். முதலில் பழைய தோடு, பிறகு என் மனைவியின் இடது தோடு. அதே தேய்மானம், அதே பக்கச் சப்பை. வலது தோடு மட்டும் கடையில் வாங்கியபடியே உருண்டையாக இருந்தது. அவர் மறுபடியும் குனிந்தார். நிமிர்ந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"அப்போ அந்தம்மா ஒரே பக்கமாத்தான் படுத்துத் தூங்கியிருக்கா."

"ஆமா சார். தினமும், தோட்டோட."

"பெட்டியை நிறுத்தச் சொல்லு. ஜோடியைப் பிரிச்ச பாவம் நமக்கு எதுக்கு?"

அன்று நான் பட்ட சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

கண்காட்சியில் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள், ஒரே துணியின் மேல், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மனைவி நகராமல் நின்று பார்த்தாள்.

"ஏங்க, இவ ஏன் ஒரே பக்கமாப் படுத்தான்னு கண்டுபிடிச்சீங்களா?"

"அதெல்லாம் யாரால கண்டுபிடிக்க முடியும்?"

"என்னைக் கேட்டா நான் சொல்ல மாட்டேனா? நான் ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்? இந்தப் பக்கம் உங்க குறட்டை."

பிறகு கண்ணாடிப் பெட்டியை நோக்கிக் குனிந்து, ரகசியம் போலக் கேட்டாள்.

"பாவம்டி, உனக்குமா?"