வில்லோ பாஸில் சிக்காத துப்பாக்கிகள்

மார்லா கிட்டில்சன் பிஸ்டல் வாங்கிய நாளிலிருந்து மூன்றரை வருடம் வில்லோ பாஸில் வேறு யாருடைய பிஸ்டலும் ஒருமுறைகூடச் சிக்கவில்லை. கிழக்கு மொன்டானாவில் கோதுமையும் காற்றும் மட்டும் தாராளமாகக் கிடைக்கும் ஊர் எங்களுடையது. பிஸ்டல் ஆளுக்கொன்று உண்டு. எல்லாம் செமி ஆட்டோமேட்டிக். ஒரு தோட்டா வெடித்ததும் காலிக்கூட்டைத் தானே வெளியே எறிந்து, அடுத்ததைத் தானே மேலே ஏற்றிக்கொள்ளும். எறிவதிலும் ஏற்றுவதிலும் எப்போதாவது ஒரு கூடு நடுவில் மாட்டி, பிஸ்டல் சிக்கிக்கொள்வது உலகத்தில் எங்கும் நடப்பதுதான். ஆனால் எங்கள் ஊர் ஆண்களிடம் கேட்டால் தங்கள் பிஸ்டலுக்கு அப்படி நடந்ததே இல்லை என்பார்கள். சனிக்கிழமை காலை லாய்ட் பெக்கின் துப்பாக்கிக் கடையில் காபியும் இலவங்கப்பட்டை ரொட்டியும் வைத்துக்கொண்டு அளந்து விடுவார்கள். பத்தாயிரம் சுட்டேன், ஒன்றும் ஆகவில்லை என்பார் ஒருவர். சேற்றில் போட்டேன், லாரியை மேலே ஏற்றினேன், அப்போதும் சுட்டது என்பார் அடுத்தவர். நாங்கள் சுட்டுப் பழகும் சரளைக்கல் குழியில் எல்லார் கண்ணெதிரே சிக்கினால்கூட அது பிஸ்டலின் குற்றம் ஆகாது. தோட்டா மலிவு, தோட்டாக்களை அடுக்கும் மேகசினின் ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது, குளிரில் எண்ணெய் கெட்டியாகிவிட்டது என்று சப்பைக்கட்டு கட்டுவார்கள். ஒன்றும் தோன்றாவிட்டால் மனைவி சுடும்போது மணிக்கட்டைத் தளரவிட்டாள் என்று முடிப்பார்கள்.

மார்லா கோதுமைக் கிடங்கில் எடைமேடையைப் பார்த்துக்கொள்பவள். முப்பத்து நான்கு வயது. கணவன் ஆரிகன் பக்கம் போய்த் திரும்பாமல் இருந்துவிட்டான், ஒரு மகள் இருக்கிறாள். லாய்டின் கடையில் நடுத்தர விலையில் ஒரு பிஸ்டல் வாங்கி, முதல் சனிக்கிழமையே குழிக்குச் சென்றாள். இரண்டாம் தோட்டாவில் சிக்கியது. உடனே ஆண்கள் சூழ்ந்துகொண்டு தோட்டா, மேகசின், மணிக்கட்டு என்று வரிசையாகச் சொன்னார்கள். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இல்லப்பா. என் துப்பாக்கிதான் ஜாம் ஆச்சு" என்றாள். அந்தக் குழியில் அப்படி ஒரு வாக்கியத்தை அதற்குமுன் யாரும் சொன்னதில்லை. ஊரில் யாரும் ஏற்றுக்கொள்ளாமல் அலைந்துகொண்டிருந்த சிக்கல்கள் எல்லாவற்றுக்கும் அன்று ஒரு கதவு திறந்தது. அவை அதன் வழியே உள்ளே போய்விட்டன.

அதன்பிறகு மற்றவர்களின் பிஸ்டல்கள் உண்மையாகவே சிக்கவில்லை. அவளுடையது இரண்டு தோட்டாவுக்கு ஒருமுறை சிக்கியது. லாய்ட் அதை வாங்கி வைத்துக்கொண்டு வேறொன்று கொடுத்தார், அதுவும் சிக்கியது. மூன்றாவதும் சிக்கியது. அவள் திருப்பிக் கொடுத்தவற்றை வாங்கியவர்களிடம் அவை கடிகாரம்போல ஓடின. வில்லோ பாஸில் வாங்கினால் பிஸ்டல் சிக்காது என்ற பேச்சு இணையத்தில் பரவி, வயோமிங்கிலிருந்தும் டகோட்டாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். லாய்ட் விலையைக் கொஞ்சம் ஏற்றினார், கடைக்குப் புதுக் கூரை போட்டார். மார்லா மட்டும் சுட்டுச் சுட்டு, சிக்கல் எடுத்து எடுத்து, கொசு அடிப்பதுபோல அது கைக்குப் பழகும்வரை பழகினாள். மேகசினை அடியில் ஒரு தட்டு, மேலே ஓடும் இரும்பைப் பின்னால் ஒரு இழுப்பு, கூடு விழும், அடுத்தது ஏறும். மகளிடம் பேசிக்கொண்டே செய்வாள்.

அவளுக்கு டெபுடி வேலை வேண்டியிருந்தது. எங்கள் கவுன்ட்டியில் காவல் தலைவரான ஷெரீஃபுக்குக் கீழே ஒரே ஒரு டெபுடிதான், அந்த இடம் சில வருடமாகக் காலியாகக் கிடந்தது. அது கிடைத்தால் மகளோடு இங்கேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் கிடங்கைக் கம்பெனிக்காரர்கள் மூடும்போது பில்லிங்ஸில் அக்கா வீட்டு நிலவறைக்குப் போக வேண்டியதுதான். மார்லாவுக்கு அந்த நிலவறை பிடிக்காது, அக்காவையும் அவ்வளவாகப் பிடிக்காது. வேலைக்கான சுடும் பரீட்சைக்குச் சொந்தப் பிஸ்டலைத்தான் கொண்டுவர வேண்டும். சிக்கினால் தப்பில்லை, ஆனால் கடிகாரம் நிற்காது. இலையுதிர் காலத்தில் போனாள், சுட்டதெல்லாம் குறியில் பட்டது, ஆனால் சிக்கல் எடுத்தே நேரம் போய்விட்டது. வசந்தத்தில் இன்னொரு வாய்ப்பு உண்டு, அதோடு முடிந்தது.

விஷயத்தைக் கண்டுபிடித்தவர் பல் டாக்டர் ரஸ்மசன். அவர் காலிக்கூடுகளைப் பொறுக்கி மறுபடி மருந்தடைத்துச் சுடுகிற கஞ்சர். தன்னுடையது என்று தெரிய மனைவியின் நீல நகப்பூச்சை ஒவ்வொரு கூட்டின் அடியிலும் தொட்டு வைப்பார். பரீட்சைக்கு அடுத்த சனிக்கிழமை மார்லாவின் பிஸ்டலில் சிக்கி விழுந்த கூட்டின் அடியில் நீலப் பொட்டு இருந்தது. அதுவும் அவள் பிஸ்டலின் குழாயைவிடத் தடித்த கூடு. எப்படிப் பார்த்தாலும் அதற்குள் நுழைய முடியாது. டாக்டர் அதைக் கடைக்குக் கொண்டுவந்து காபிக் கோப்பைகளுக்கு நடுவில் வைத்தார். எல்லாரும் பார்த்தார்கள். யாரோ ரொட்டித் தட்டை நகர்த்தி இடம்விட்டார்கள்.

"நம்மளோடதெல்லாம் அவ தலையில கட்டிட்டோம்யா" என்றார் டாக்டர்.

"உன்னோடது எப்ப ஜாம் ஆச்சு? ஆனதே இல்லன்னு சத்தியம் பண்ணுவியே" என்றார் லாய்ட்.

"ஆச்சுடா. அவ வாங்கறதுக்கு முந்தி. ரெண்டு மூணு தடவை ஆச்சு. உன்னோடது ஆகலையா? எல்க் மான் வேட்டைக்குப் போனப்போ கூடாரத்துக்குப் பின்னால போய் நின்னு என்ன பண்ணிட்டு இருந்தே, ஒண்ணுக்கா போனே?"

லாய்ட் கொஞ்ச நேரம் தன் புதுக் கூரையைப் பார்த்தார். பிறகு, "சரி. அன்னைக்கு என் துப்பாக்கிதான் ஜாம் ஆச்சு. தோட்டா நல்ல தோட்டாதான்" என்றார். அவர் இடுப்பில் இருந்த பிஸ்டல் உறைக்குள்ளேயே நெருடியது. எடுத்துப் பார்த்தால் ஒரு காலிக்கூடு நடுவில் செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது. போனது திரும்பி வந்துவிட்டது என்று எல்லாருக்கும் புரிந்தது.

அந்தக் குளிர்காலம் முழுவதும் கிடங்கின் எடைமேடைக்குக் கோதுமை இல்லாத லாரிகள் வந்தன. மேடைமேல் ஏற்றி நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, பனியைப் பார்த்துக்கொண்டே, "மார்லா, நீ வாங்கறதுக்கு முந்தின வருஷம் என்னோடது ஜாம் ஆச்சு. மேகசின் மேல பழி போட்டேன்" என்பார்கள். "சரிங்க, எடுத்துட்டுப் போங்க" என்பாள் அவள். மேடையின் முள் ஒரு காலிக்கூட்டின் எடை அளவுக்கு ஏறும், லாரி போய்விடும். சிலர் மனைவியையும் பக்கத்தில் உட்காரவைத்து வந்தார்கள், மணிக்கட்டு விஷயத்தை அங்கேயே தீர்த்துக்கொள்ள. கர்வம் பிடித்த ஊர் எங்களுடையது. இருந்தாலும் அந்தக் குளிரில் அத்தனை பேரும் வந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கிறது. பனி உருகும்போது மார்லாவின் பிஸ்டல் அநேகமாகச் சுத்தமாக ஓடியது.

வராதவர் ஓர்வல் டகெட் ஒருவர்தான். காலியாக இருந்த டெபுடி இடம் அவர் மகன் நீலுடையது. நெடுஞ்சாலையில் ஒரு காரை நிறுத்தப் போன இடத்தில் நீல் சுடப்பட்டு இறந்தான். அவன் மூன்றுமுறை திருப்பிச் சுட்டான், நான்காவதில் பிஸ்டல் சிக்கியது என்று விசாரணையில் சொன்னார்கள். ஓர்வல் கல்லறைத் தோட்டத்தில் நின்றபடி, அது பொய், என் பையன் தன் துப்பாக்கியை அப்படி வைத்திருக்கமாட்டான் என்றார். விசாரணை முடிந்து அந்தப் பிஸ்டல் அவர் கைக்கு வந்த மாதம்தான் மார்லா தன்னுடையதை வாங்கினாள். அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் குழிக்கு வந்து, நீலின் பிஸ்டலில் ஒரு மேகசின் சுட்டு, "பாத்தீங்களா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். நாங்களும் பார்த்தோம், ஒருநாளும் சிக்கியதில்லை. நீலப் பொட்டுக் கூடு கிடைத்த செய்தி காதில் விழுந்தபின் அவர் வருவதை நிறுத்திக்கொண்டார்.

லாய்ட் ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனார். "ஓர்வல், ஒரே ஒரு வார்த்தை. அந்தப் பொண்ணுக்காக."

"நான் அந்தப் பொண்ணுக்கு எதிரியா? அவ நல்லா இருக்கட்டும். என் பையன் துப்பாக்கி ஜாம் ஆகல. அவ்வளவுதான், காபியைக் குடி."

மார்லாவிடம் சொன்னபோது அவள், அவரை யாரும் கேட்கக்கூடாது என்றாள். "எல்லாரும் கொண்டுவந்தது பொய், எடுத்துட்டுப் போனாங்க. அவர் வச்சிருக்கிறது பொய் இல்லைங்க. அது வேற" என்றாள்.

மே மாதத்தில் பரீட்சை. மாநில அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி கையில் கடிகாரத்தோடு வந்திருந்தார். ஊரே குழிக்கு வந்து கயிற்றுக்குப் பின்னால் நின்றது. ஓர்வலும் வந்து ஓரமாகத் தன் லாரியின்மேல் சாய்ந்து நின்றார். அருகிலிருந்து சுட வேண்டியதை மார்லா சுட்டாள், நடுத் தூரத்தில் சுட்டாள், ஒன்றும் சிக்கவில்லை. மிச்சம் கடைசிச் சுற்று, தொலைவில், குறைந்த நேரத்தில். அதிகாரி விசில் ஊதினார். மார்லா மூன்று தோட்டா சுட்டாள், நான்காவதில் பிஸ்டல் நின்றுவிட்டது. ஒரு காலிக்கூடு நடுவில் செங்குத்தாக நின்றது. அவள் அன்று சுட்ட கூடுகள் எல்லாம் புதுப் பித்தளை, பளபளவென்று இருந்தன. இது கறுத்துப் பச்சை பூத்த கூடு. காற்று நின்றது. எங்கள் ஊரில் காற்று நிற்பதென்றால் ஆடுமாடுகள் தலைதூக்கிப் பார்க்கும், அன்றும் பார்த்தன.

நீல் எத்தனை நேரம் அப்படி நின்றானோ தெரியாது. மார்லா நிற்கவில்லை. அவள் இடது கை மேகசினின் அடியைத் தட்டியது, மேலே இருந்த இரும்பைப் பிடித்து இழுத்தது, கூடு தெறித்துக் கீழே விழுந்தது. நான்கு, ஐந்து, ஆறு என்று சுட்டு முடித்துப் பிஸ்டலைத் தாழ்த்தினாள். மூன்றும் குறியில் இருந்தன. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்து, நேரம் மிச்சம் இருக்கிறது, தேர்ச்சி என்றார். அவர் எழுதிக்கொண்டே, இவ்வளவு வேகமாகச் சிக்கல் எடுக்க எங்கே பழகினாய் என்று கேட்டார். இங்கேதான் என்றாள் மார்லா.

யாரும் கைதட்டுவதற்குமுன் ஓர்வல் கயிற்றைத் தாண்டி வந்தார். முழங்காலைப் பிடித்து மெல்லக் குனிந்து, சரளைக்கல்லில் தேடி, அந்தக் கறுத்த கூட்டை எடுத்தார். உடனே கை மாற்றிக்கொண்டார், அது அப்போது சுட்டதுபோலச் சூடாக இருந்தது.

"இது நீலோடது" என்றார்.

"ஆமாங்க."

ஓர்வல் எங்கள் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு என் பையன் துப்பாக்கி ஜாம் ஆச்சு" என்றார், கடைசியில் நிற்பவருக்கும் கேட்கும்படி. தோட்டா என்றோ மேகசின் என்றோ யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் நின்ற இடத்திலேயே அழுதார். நாங்களும் அழுதோம், மறைக்கவில்லை.

மார்லா அவர் தோளில் கை வைத்து, "எடுத்துட்டேன் ஓர்வல். இப்ப சரியாயிடுச்சு" என்றாள்.

அவளுக்கு வேலை கிடைத்தது. நீலின் வண்டியைத்தான் ஓட்டுகிறாள். மகள் இங்கேயே பள்ளிப் படிப்பை முடித்தாள். ஊரில் இப்போது பிஸ்டல்கள் மற்ற ஊர்களில் சிக்குவதுபோலவே சிக்குகின்றன, என்னோடது சிக்கிவிட்டது என்று சொல்லிவிட்டு எடுத்துப் போட்டுத் தொடர்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் வருவது நின்றுபோய் லாய்ட் விலையைக் குறைத்தார், கூரை மட்டும் மிச்சம். ஓர்வல் மறுபடி சனிக்கிழமைகளில் கடைக்கு வருகிறார், மகனைப் பற்றிப் பேசுகிறார், அவன் செய்த கோமாளித்தனங்களை எல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். அந்தக் கூடு அவர் கோட்டுப் பையில் இருக்கிறது, அதன் சூடு இன்றுவரை ஆறவில்லை. ஜனவரியில் விரல் விறைத்துப்போய் வருகிறவர்கள் அவரிடம் அதைக் கேட்டு வாங்கிக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டு, அடுத்தவரிடம் கொடுப்பார்கள்.