எதிர்வீட்டுக்குக் கட்டிக்கொடுத்த பெண்

சிட்லபாக்கம் ஏரிக்குப் பின்பக்கத் தெரு அகலத் தொடங்கியது அயூப் பாய் மகள் நிகத்தின் நிக்காஹ் நடந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். முதல் நாள் ஒரு சாண்தான். எந்த வீடும் இடிபடவில்லை, யாருக்கும் நோட்டீஸ் வரவில்லை. இந்தப் பக்க வீடுகள் இந்தப் பக்கமே இருந்தன, அந்தப் பக்க வீடுகள் அந்தப் பக்கமே இருந்தன. நடுவில் தார் மட்டும் வளர்ந்தது, பாத்தியில் கீரை வளர்கிற மாதிரி.

நிகத்தை எதிர்வீட்டுக்குக் கொடுத்ததே அவள் அம்மா ஜஹானாராவின் பிடிவாதம். துபாய் மாப்பிள்ளை வந்தான், வேண்டாம் என்றாள். சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையன் வந்தான், அதுவும் வேண்டாம். இருப்பது ஒரே பெண், கண் முன்னால் இருக்கணும். எதிர்வீட்டு சாஜித்துக்குக் கொடுத்தால் இங்கே தாளிக்கிற வாசம் அங்கே போகும், அங்கே பிள்ளை தும்மினால் இங்கே கேட்கும். கணக்கு சரிதான். சீர் விஷயத்தில்தான் புத்தி கோணிப்போயிற்று. எதிர்வீடுதானே என்று வெறுங்கையோடு அனுப்பினால் சொந்தக்காரர்கள் வாயில் போட்டு மெல்ல மாட்டார்களா? கார் கொடுத்தே ஆகணும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அயூப் பாய்க்குத் தாம்பரம் மார்க்கெட்டில் கார் சீட் கவர் தைக்கிற கடை. "நாலு எட்டு வெச்சா மாப்பிள்ளை வூடு, இதுக்கு இன்னாத்துக்கும்மா காரு?" என்று கேட்டுப் பார்த்தார். அவர் பேச்சு எந்தக் காலத்தில் எடுபட்டது? வெள்ளைக் கார் வந்தது. மெரூன் கலர் சீட் கவரை அவரே உட்கார்ந்து தைத்தார்.

பெண் காரில் ஏறித்தான் புகுந்த வீடு போகணும் என்பது ஜஹானாராவின் அடுத்த ஆசை. வீட்டு வாசலில் ஏறிய நிகத், கேம்ப் ரோடு, சேலையூர், தாம்பரம் ஸ்டேஷன் என்று ஊரைச் சுற்றிவிட்டு எதிர்வாசலில் வந்து இறங்கினாள். அழுதுகொண்டே தெருவைத் தாண்டி ஓடிய ஜஹானாரா, வழக்கத்தைவிட ஒரு எட்டு கூட வைத்ததைக் கவனித்தாள். பட்டுப்புடவை தடுக்கியது என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு வாசலில் கார் நின்றால் பக்கத்து வாசல் சும்மா இருக்குமா? அடுத்த வருஷத்துக்குள் தெரு முழுக்கக் கார். தெரு அகலமாக இருப்பதைப் பார்த்து ஜி.எஸ்.டி. ரோட்டு வண்டிகளெல்லாம் குறுக்கு வழி என்று உள்ளே வந்தன. வண்டி வர வர தெரு அகன்றது, தெரு அகல அகல வண்டி வந்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் லாசரஸ் சாருக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம தெரு மெயின் ரோடாயிடுச்சு சார்!" என்று எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். கார் அடிவயிறு இடிக்கிறது என்று இருந்த ஒரே வேகத்தடையையும் எடுக்கவைத்தார். அந்த மழைக்காலத்தில் நடுவில் தடுப்புச்சுவர் ஒன்று தானாக முளைத்து, அதன் மேல் அரளியும் பூத்தது. எதிர்ப்பக்கத்துச் சர்ச்சுக்கு லாசரஸ் சார் இப்போது ஆட்டோவில் போகிறார். போய்ச் சேர்வதற்குள் ஆசீர்வாதம் சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

ஜஹானாராவுக்கு நோன்புக் கஞ்சிதான் அளவுகோல். முதல் ரமலானில் தூக்கு சுடச்சுட எதிர்வீட்டுக்குப் போனது. அடுத்ததில் வெதுவெதுப்பாக. அதற்கடுத்ததில் நோன்பு திறக்கிற பாங்கு சொன்னபோது தூக்கோடு நடுரோட்டில் நின்றாள். அந்த வருஷம்தான் நிகத் முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம், பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிவரணும். சாஜித் வெள்ளைக் காரில் அவளை ஏற்றினான். யூ-டர்ன் வண்டலூரில் இருந்தது. அங்கே போனால் இன்னும் தள்ளிப் போயிருந்தது. வலி எடுத்துவிடுமோ என்ற பயத்தில் பாதியிலேயே திரும்பிவிட்டார்கள். மறுநாளும் முயன்றார்கள். சாயங்காலம் ஜன்னலில் பார்த்தால் எதிர்வீடு தீப்பெட்டி அளவுக்கு ஆகியிருந்தது.

"நாம வண்டி எடுக்க எடுக்கத்தான் அது அகலுது ஜஹானாரா," என்றார் அயூப் பாய்.

"காரு கேட்டதும் நான்தானே?" என்று அவள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அவர் போய் ஜன்னலைச் சாத்தினார். ஆமாம் என்று திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சாஜித் போன் பண்ணினான். "பொண்ணு மாமி. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க." ஜஹானாரா பூண்டுக் குழம்பு வைத்து, சோற்றைப் பிசைந்து தூக்கில் போட்டாள். போன் சார்ஜில் கிடந்தது, எடுக்கத் தோன்றவில்லை. பெற்ற வயிறு காய்ந்து கிடக்குமே என்ற ஒரே நினைப்பு. கார் வேண்டவே வேண்டாம், நடந்தே போகிறேன் என்று இறங்கினாள். நம்மூரில் ரோட்டைத் தாண்டுகிறவர்கள் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். வலது கையைத் தூக்கி, உள்ளங்கையை வண்டிகளுக்குக் காட்டிக்கொண்டே நடந்தாள். ஒரு வண்டியும் நிற்கவில்லை. சாயங்காலம் அசர் தொழுகை நேரத்தில் தடுப்புச்சுவரை எட்டிப்பிடித்தாள். அந்தப் பக்கம் இன்னும் அவ்வளவு ரோடு கிடந்தது. திரும்பிப் பார்த்தாள், இந்தப் பக்கமும் அவ்வளவு.

மொட்டைமாடியில் பச்சைக் குழந்தையோடு நின்ற நிகத்துக்கு அரளிக்கு நடுவே ஒரு கை மட்டும் தெரிந்தது. அம்மாவின் கை, தெரியாமலா போகும்? "நன்னி டாட்டா காட்டுறாங்க பாரு!" என்று குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டினாள். ஜஹானாரா அதைப் பார்த்தாள். டாட்டா இல்லடி, வண்டியை நிறுத்தத் தூக்கின கைடி என்று கத்தினாள். ஹாரன் சத்தத்தில் எந்தத் தாயின் குரல் கேட்கும்? அப்போது வெள்ளைக் கார் ஒன்று அவளை உரசிக்கொண்டு போனது. உள்ளே மெரூன் சீட். அவளைத் தேடி வந்த சாஜித், பின்னால் வந்தவர்கள் அடித்த ஹாரனுக்கு நிறுத்த முடியாமல், கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனான். ரோடு இன்னும் ஒரு சாண் அகன்றது. கையை இறக்கினால் பிள்ளை ஏமாந்துபோகும் என்று ஜஹானாரா தூக்கிய கையை மெல்ல அசைத்தாள்.

இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். பள்ளிக்கரணை போகிறவர்களுக்கு வழி சொல்லும்போது, "அரளியில ஒரு அம்மா கை காட்டினு நிப்பாங்க, அதத் தாண்டி லெஃப்ட்டு எடு," என்கிறார்கள் ஆட்டோக்காரர்கள். அயூப் பாய் இந்தப் பக்க வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பக்கம் பேத்தி சோயாவுக்குப் பல் முளைத்துவிட்டது. அம்மா என்று சொல்வதற்கு முன்னாலேயே டாட்டா காட்டக் கற்றுக்கொண்டாள். தினமும் சாயங்காலம் காட்டுகிறாள், ரோட்டைப் பார்த்து.