சந்தைக்குப் பின்பக்கத்து வீடு

“ஒகெச்சி உங்க ஊர்க்காரிதானே? எந்த வீட்டுப் பொண்ணு?”

ஹூஸ்டனில் இருக்கும் நைஜீரிய இக்போ இனப் பெண்கள் சங்கத்தின் தலைவி லோலோ பெனடிக்டா போன ஞாயிற்றுக்கிழமை இதைக் கேட்டபோது, உஜுன்வா சங்கத்துச் சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். அடுத்த தலைவி ஒகெச்சிதான் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. ஊரில் பிரசவ விடுதி கட்ட அவளைப்போல ஓடியாடியவர் யாருமில்லை.

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

“சந்தைக்குப் பின்பக்கம், லோலோ. பழைய கோயிலை ஒட்டி” என்றாள் உஜுன்வா.

“ஓகோ” என்றார் லோலோ.

அந்தக் காலத்தில் சாமிக்கு அடிமையாக விடப்பட்டவர்களின் வழிவந்தவர்கள்தான் அங்கே இருப்பார்கள். அவர்கள் கைபட்டதை மற்றவர்கள் சாப்பிடமாட்டார்கள். எல்லோருக்கும் தெரிந்த கதை. வீடு இருக்கிற இடத்தைத்தானே சொன்னேன் என்று வாரம் முழுவதும் உஜுன்வா தன்னைத் தேற்றிக்கொண்டாள். மனம் தேறவில்லை. அவளுக்குப் பிள்ளை பிறந்தபோது அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. தாய் வந்து செய்யவேண்டிய அத்தனையையும் ஒகெச்சிதான் செய்தாள். வெந்நீர் ஒற்றடம் கொடுத்தாள். மிளகுச் சாறு வைத்து ஊட்டிவிட்டாள்.

இந்த ஞாயிறு ஒகெச்சி பெரிய பானை நிறையக் கசப்புக்கீரைக் குழம்பு கொண்டுவந்திருந்தாள். சங்கத்துச் சீலை கட்டிய பெண்கள் தட்டோடு வரிசையாக வந்தார்கள். அந்தப் பானையைத் தாண்டி அடுத்த பானைக்குப் போனார்கள்.

“என்னடி, டாக்டர் கீரை கூடாதுன்னுட்டாரா?” என்று ஒகெச்சி ஒருத்தியைச் சீண்டினாள்.

“இளைக்கணும்ல அக்கா” என்றபடி அவள் வறுத்த ஆட்டுக்கறியை மலையாகக் குவித்துக்கொண்டாள். பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

“உஜு, நீ வா. உனக்குன்னு மீன் தலைய எடுத்து வச்சிருக்கேன்.”

ஒகெச்சியின் கரண்டி நீண்டது. மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து லோலோ பார்த்துக்கொண்டிருந்தார். உஜுன்வா தட்டை நீட்டத்தான் நினைத்தாள். அது நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது.

“வயிறு சரியில்லக்கா.”

ஒகெச்சி வரிசையைப் பார்த்தாள். பிறகு உஜுன்வாவைப் பார்த்தாள். அத்தனை பேரில் தன் வீடு தெரிந்த ஊர்க்காரி இவள் ஒருத்திதான். உஜுன்வாவுக்குக் காது கொதித்தது. கண்ணைத் தரையிலிருந்து எடுக்க முடியவில்லை.

கரண்டி பானைக்குள் திரும்பும் சத்தம் கேட்டது. ஒகெச்சி மூடியை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள். பானையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வெளியே போனாள்.