பேனாக்கத்திச் சங்கம்

திருகோணமலை தொன்மை மடக்குக் கத்தி ஆய்வுச் சங்கத்துக்கு றப்பர் முத்திரை இருந்தது, தலைவர் இருந்தார், செயலாளர் இருந்தார். அங்கத்தவர்கள்தான் இல்லை. தலைவர், பேக்கரி வைத்திருந்த யோசேப். செயலாளர், பென்சன் எடுத்த கிளாக்கர் ஸெய்னுதீன்.

ஒரு கிலோ கீரிமீன் விலைக்கு மேல் எந்தக் கத்திக்கும் கொடுப்பதில்லை என்பது சங்க விதி. மீன் விலை ஏறினால் சங்கத்தின் தரமும் ஏறும். கப்பல்காரர் விட்டுப்போனவற்றைப் பழைய இரும்புக் கடைகளில் கிளறி எடுப்பார்கள். எடுத்த ஒவ்வொன்றும் யாரோ அட்மிரல் தோடம்பழம் உரித்த கத்தியாகிவிடும்.

"எல்லாரும் தோடம்பழம் உரிச்சா, சண்டை பிடிச்சது ஆரு?" என்பாள் ஸெய்னுதீனின் மனைவி றிஷானா.

2019 உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடித்தது. பிறகு வீடு வீடாகச் சோதனை. முஸ்லிம் வீடுகளில் எடுத்த கத்திகளை டிவியில் வரிசையாக அடுக்கிக் காட்டினார்கள். பக்கத்து வீட்டார் இறைச்சிக் கத்தியையே கிணற்றில் போட்டார்கள்.

"இந்தக் கத்தி ரின்னை எங்கயாவது கொண்டுபோங்க," என்றாள் றிஷானா. "உங்கட அட்மிரல் சாட்சி சொல்ல வரமாட்டார்."

ஸெய்னுதீன் பிஸ்கற் ரின்னைச் சொப்பிங் பைக்குள் வைத்து, யோசேப்பிடம் கொண்டுபோனார். வேறு யாரிடம் போவது?

"கொஞ்ச நாளைக்கு உம்மட வீட்டில இருக்கட்டும்," என்று மேசையில் வைத்துத் திறந்தார். யோசேப்பின் மனைவி மக்டலின் குசினி வாசலில் நின்றாள். தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்கவில்லை.

"ஸெய்னு, குறை நினையாதையும்," என்றார் யோசேப். "உமக்கு எதுக்கு இவ்வளவு கத்தி?"

பகிடி என்று நினைத்து ஸெய்னுதீன் சிரித்தார். யோசேப் சிரிக்கவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி அலுமாரிக்குள் அவருடைய கத்திகள் வெல்வெற்றில் விரிந்து கிடந்தன. ரின்னுக்குள் கிடந்தவற்றில் பாதி அவரே பேரம்பேசி வாங்கிக் கொடுத்தவை. நீர்தானேயாப்பா தெரிஞ்செடுத்துத் தந்தனீர் என்று சொல்லவந்த ஸெய்னுதீன், ரின்னை மூடினார்.

"சும்மா," என்றார். "சும்மாதான்."

கடற்கரையில், தூண்டில் போடுகிறவர் மாதிரி குந்தியிருந்து, ஸெய்னுதீன் ஒவ்வொரு கத்தியையும் ஒருதரம் விரித்து மூடிவிட்டுக் கடலில் எறிந்தார். அவர் வீட்டுக்குச் சோதனைக்கு வந்தவர்கள் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அலுமாரியைக்கூடத் திறக்காமல் போனார்கள்.

நத்தார்ப் பண்டிகைக்கு யோசேப் கேக்கோடு வந்தார். சட்டைப்பையிலிருந்து மான்கொம்புப் பிடி போட்ட கத்தியொன்றை எடுத்தார்.

"கந்தளாயில கண்டனான். உமக்கெண்டுதான் வாங்கினனான்."

நல்ல சாமான். அலகு ஆடவில்லை, மடக்கும் வில்லில் துரு இல்லை. ஸெய்னுதீன் கண்ணால் பார்த்ததோடு சரி.

"என்ர வீட்டில வைக்க ஏலாது. உம்மட அலுமாரியில வையும்."

"அப்ப சங்கம்?"

"தலைவர் நீர்தானே. நடத்தும்."

றிஷானா கேக்கைத் தட்டில் வைத்தாள். யோசேப் அந்தக் கத்தியை விரித்து, வெட்டச் சொல்லி நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது.

ஸெய்னுதீன் கேக்கைக் கையால் பிய்த்தார். பெரிய துண்டை யோசேப்பின் பக்கம் தள்ளிவைத்தார்.