கழுத்துக்குள் ஒரு கிழிசல்

சகாயராஜின் இடது இமை பாதி இறங்கியிருப்பதைக் காலையில் இட்லி வைக்கும்போதுதான் ஆஷா கவனித்தாள். அந்தக் கண்ணின் கருமணியும் சிறுத்திருந்தது.

"என்னங்க, கண்ணு ஏன் இப்படி இருக்கு?"

"ஒறக்கம் பத்தல."

ஞாயிற்றுக்கிழமை சலூனில் முடி வெட்டியவர் அவன் கழுத்தைத் திருப்பிச் சொடுக்கு எடுத்திருந்தார். அன்றிலிருந்து கழுத்தின் இடப்பக்கம் வலி. மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். தூத்துக்குடிப் பக்கமிருந்து திருப்பூருக்கு வந்த இருவருக்கும் ஒரே பனியன் கம்பெனி. அவன் கட்டிங் மாஸ்டர், அவள் டெய்லர்.

பதினொரு மணிக்கு அவன் கையிலிருந்து கத்தரி விழுந்தது. எடுக்கக் குனிந்தால் வலது கை வரவில்லை. சூப்பர்வைசர் பூபாலன் ஓடி வந்து கேட்டபோது வாய் திறந்தது, பேச்சு வரவில்லை. ஐந்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது.

"பிரஷரா இருக்கும்" என்று சிரித்தான்.

பூபாலன் சிரிக்கவில்லை. "இல்லீங்க மாஸ்டர். எங்க மாமனுக்கும் இப்படித்தானுங்க வந்து போச்சு. மறுநாள் படுத்தவரு எந்திரிக்கலைங்க. நான் கார் எடுக்கறனுங்க."

கோவை மருத்துவமனையில் ஸ்கேன் பார்த்த டாக்டர் ஆஷாவை உட்காரச் சொன்னார்.

"கழுத்தச் சொடுக்கினதுல, மூளைக்கு ரத்தம் போற குழாய்ல உள்சுவர் கிழிஞ்சிருக்கும்மா. அங்க உறைஞ்ச ரத்தத்துல ஒரு துணுக்கு மூளைக்குப் போயிருக்கு. இமை இறங்கினதும் இந்தக் கிழிசலாலதான்."

"ஆபரேஷனா டாக்டர்?"

"இப்ப வேண்டாம். ரத்தம் உறையாம இருக்க மருந்து தர்றோம். பெரும்பாலும் கிழிசல் தானா ஆறிடும்."

"அதுக்குள்ள மறுபடி வந்தா?"

"வரலாம். கை விழுந்தாலோ, வாய் கோணினாலோ உடனே கூப்பிடுங்க."

அவனை வார்டில் சேர்த்தபின் ஆஷாவுக்கு வேறு நினைப்பே இல்லை. மணிக்கொரு தரம் கேட்டாள். "பேரச் சொல்லுங்க. கையத் தூக்குங்க." முதலில் அலுத்துக்கொண்டே செய்தான். நான்காம் நாள் மதியம் கேட்டபோது பதில் இல்லை. வாய் ஒரு பக்கம் இழுப்பது போலத் தெரிந்தது. நர்ஸைக் கூப்பிட எழுந்தவளின் சேலையை அவன் வலது கையாலேயே பிடித்து நிறுத்தினான். அழுகையை அடக்கிக்கொண்டிருந்தான்.

"பயமா இருக்கு ஆஷா."

அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. அவன் கையைப் பற்றிக்கொண்டாள்.

மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் குழாய் ஆறியிருந்தது. இமை மட்டும் லேசாக இறங்கியே நின்றது. மாத்திரை தொடர வேண்டும், கழுத்தை இனி யாரும் திருப்பக் கூடாது என்றார் டாக்டர்.

திரும்பும் பஸ்ஸில் அவன் தூங்கிப்போனான். பல்லடம் சாலையின் ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவன் தலை சரியாதபடி, திருப்பூர் வரும்வரை ஆஷா உள்ளங்கையால் தாங்கிக்கொண்டே வந்தாள்.