நல்லாத்தான் இருக்கு

விதை நிலையத்தில் என் வேலை, விவசாயிகளிடம் கருத்துக் கேட்பது. கருத்து என்பது பெரிய வார்த்தை. படிவத்தில் இருப்பது மூன்றே கட்டம்: நன்று, சுமார், மோசம். மனுஷன் மனசில் இருப்பதெல்லாம் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும் என்று எந்த மகராசன் முடிவு செய்தானோ.

நாங்கள் ஏழு வருடம் மெனக்கெட்டு உருவாக்கிய சோளம் அது. குட்டை ரகம். காற்றடித்தால் சாயாது, கதிர் கைகொள்ளாமல் வரும். வெளியிடுவதற்கு முன் நாற்பது பேர் விதைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதில் என் அண்ணியும் ஒருவர். அண்ணன் போன பிறகு இரண்டு பெண்களையும் ஒரு பசுவையும் வைத்துக்கொண்டு ஒண்டியாகச் சமாளிப்பவர். எனக்கு மீசை முளைக்காத வயதில் வீட்டுக்கு வந்தவர் என்பதால், அவருக்கு நான் எப்போதும் வாடா போடாதான்.

"எப்படி அண்ணி நம்ம சோளம்?"

"நல்லாத்தான்டா இருக்கு." ஒரு பயிரைப் பிடித்து நிமிர்த்தி, தன் இடுப்போடு அளந்து பார்த்துக்கொண்டே சொன்னார்.

அந்த 'தான்' வந்தால் பின்னால் ஒரு 'ஆனா' வரும் என்று யாருக்குத் தெரியாது? புதுச் சட்டையைப் பார்த்துப் பெண்டாட்டி 'நல்லாத்தான் இருக்கு' என்றால் மறுபடி அதைப் போடுவோமா? ஆனால் வெளியே டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். இன்னும் பதினொரு வீடு பாக்கி. உண்மையைச் சொன்னால், எங்கள் சோளத்தைப் பற்றி ஒரு ஆனாவைக் கேட்க எனக்கு மனசில்லை. 'நன்று' கட்டத்தில் டிக் அடித்துவிட்டுக் கிளம்பினேன்.

நாற்பதில் முப்பத்தாறு நன்று. ரகம் வெளியானது. பழைய நெட்டைச் சோளத்தை நிலையம் நிறுத்திவிட்டது. அடுத்த பருவத்தில் விதைக்கடையில் இது மட்டும்தான் கிடைத்தது. அண்ணி முழு வயலிலும் விதைத்தார்.

தானியம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். மூட்டை அடுக்க வீட்டில் இடமில்லை. ஆனால் கதிர் அறுத்தபின் மாட்டுக்குப் போடும் தட்டை இடுப்பளவுகூட இல்லை. நெட்டைச் சோளத்தின் தட்டை கோடை முழுக்கப் பசுவுக்குத் தாங்கும். இது ஒன்றரை மாதத்தில் தீர்ந்தது. அந்த வருடம் மழையும் கைவிரித்துவிட்டது. கேட்டு வாங்க அக்கம்பக்கத்திலும் தட்டை இல்லை. எல்லோரும் போட்டது எங்கள் சோளம்தானே.

பெரியவள் போன் செய்தாள். "சித்தப்பா, மாடு எழுந்திரிக்க மாட்டேங்குது."

தீவனம் தேடி ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது கொட்டகையில் கயிறுதான் கிடந்தது. சின்னவள் அதைக் கையில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். நான் வண்டிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். அண்ணி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இந்த வருடம் இன்னொரு ரகம் வந்திருக்கிறது. தட்டையும் உயரம், கதிரும் மோசமில்லை. தலைகீழாக நின்று படிவத்தையும் மாற்றவைத்தேன். மூன்று கட்டத்துக்கும் கீழே 'ஆனால்' என்று போட்டு அரைப் பக்கம் காலி இடம். முதல் படிவத்தோடு அண்ணியிடம்தான் போனேன். வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு வரப்பில் உட்கார்ந்தேன்.

"எப்படி அண்ணி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் கொட்டகைப் பக்கம் பார்த்தார். அதில் இப்போது விறகு அடுக்கியிருந்தது.

"ஆனா?" என்றேன். "சொல்லுங்க அண்ணி. எவ்வளவு நேரமானாலும் இருக்கேன்."

"ஆனா ஒண்ணுமில்ல. நன்றுன்னே எழுதிக்கோங்க."

இத்தனை வருடத்தில் அண்ணி என்னிடம் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.